கோப்பின் முகவரியும் அதைப் படிப்பவரும்



சொற்பொழிவு என்றால் இலக்கியத்தைப் பற்றியோ சமயத்தைப் பற்றியோ தேச நிர்மாணத்தைப் பற்றியோதான் இருக்கவேண்டும் என்று பழக்கப்பட்ட சபையில், கோப்புப் பாதைகளையும் குறியீட்டு இணைப்புகளையும் பற்றிப் பேச வந்திருக்கும் என்னை நீங்கள் சற்று சந்தேகத்தோடு பார்ப்பது நியாயமே. ஆனாலும், இன்று கணினியைக் கொண்டு ஜீவனம் நடத்துகிறவர்களில் பலர், மேஜைமேல் விண்டோஸ் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, எங்கோ இருக்கும் லினக்ஸ் சர்வருக்காக நிரல் எழுதுகிறவர்கள். அவர்களில் அநேகர், கண்ணெதிரே இருக்கும் கோப்பைக் குறித்து 'அப்படியொரு கோப்பே இல்லை' என்று கணினி சாதிப்பதைக் கண்டு மனம் குழம்பி உட்கார்ந்திருப்பார்கள். கணினி பொய் சொல்வதில்லை. யாரோ எழுதிவைத்த ஒரு முகவரியைத் தன் சம்பிரதாயப்படி படித்துப் பார்த்து, அந்த முகவரியில் தனக்கு ஒன்றும் அகப்படவில்லை என்று சொல்கிறது, அவ்வளவுதான். எழுதியவருடைய சம்பிரதாயம் ஒன்றாகவும் படிப்பவருடைய சம்பிரதாயம் மற்றொன்றாகவும் இருக்கும்போது இந்தச் சங்கடம் பிறக்கிறது. ஆகையால், ஓர் இணைப்பு பழுதாகிவிட்டது என்று புகார் வந்தால், அது எதைக் காட்டுகிறது என்று ஆராயப் புகுமுன், அதை எழுதியது எந்தச் செயலி, இப்போது படிப்பது எந்தச் செயலி என்று விசாரிக்கவேண்டும் என்பதே நான் சொல்ல வந்த விஷயம். மற்றதெல்லாம் அதற்கு உதாரணங்கள்.

யூனிக்ஸ் 1969-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் கென் தாம்ஸன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் தொடங்கிய முயற்சி. அதன் கோப்பமைப்புக்கு வேர் ஒன்றே. எத்தனை வட்டுகளை இணைத்தாலும் அவையெல்லாம் அந்த ஒரே மரத்தின் ஏதோ ஒரு கிளையில் பொருத்தப்படும். எந்தக் கோப்பின் முழுப் பாதையும் ஒற்றைச் சாய்கோட்டில் ஆரம்பமாகும். விண்டோஸின் பூர்வீகமோ வேறு. காரி கில்டால் என்பார் சிருஷ்டித்த சிபி/எம் என்ற இயங்குதளத்தில் ஒவ்வொரு வட்டுக்கும் ஓர் எழுத்து பெயராக இருந்தது. அந்த வழக்கத்தை 1981-இல் வெளிவந்த எம்எஸ்-டாஸ் அப்படியே ஸ்வீகரித்துக்கொண்டது. முதல் பதிப்பில் கோப்புறைகள் கிடையா. 1983-இல் இரண்டாம் பதிப்பு வந்தபோதுதான் கோப்புறைக்குள் கோப்புறை வைக்கும் வசதி வந்தது. ஆனால் அதற்குள் சாய்கோடு கட்டளைகளின் விருப்பக்குறியாக உபயோகத்தில் ஊன்றிவிட்டபடியால், பாதையைப் பிரிப்பதற்குப் பின்சாய்கோட்டை எடுத்துக்கொண்டார்கள். அதே 1983-இல்தான் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்த 4.2 பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் பதிப்பின் வாயிலாகக் குறியீட்டு இணைப்புகள் பரவலாகப் புழக்கத்துக்கு வந்தன. ஒரு கரையில் கோப்புறையே அப்போதுதான் பிறக்கிறது. மறுகரையில் கோப்புறைகளுக்கு நடுவே குறுக்குவழி போடும் வித்தை முதிர்ந்துவிட்டது. நாம் இன்றும் அனுபவிக்கும் தொல்லைகளில் பாதிக்கு மூலம் இந்த ஏற்றத்தாழ்வுதான் என்பது என் அபிப்பிராயம்.

பின்சாய்கோட்டுக்கு இன்னொரு துரதிர்ஷ்டமும் உண்டு. சி மொழியிலும் அதன் வழிவந்த மொழிகளிலும் அது அடுத்து வரும் எழுத்தின் பொருளை மாற்றிவிடும் குறி. 'சி:\நியூ\டேபிள்' என்று பொருள்படும் பாதையை ஆங்கில எழுத்துகளில் நிரலுக்குள் அப்படியே தட்டச்சு செய்தால், பின்சாய்கோட்டை அடுத்த 'என்' புதுவரியாகவும், இரண்டாவது பின்சாய்கோட்டை அடுத்த 'டி' தத்தல் இடைவெளியாகவும் மாறிப்போய், பாதையின் நடுவே பள்ளம் விழுந்துவிடும். இதற்குப் பரிகாரம் சுலபம்: விண்டோஸின் உள்ளகச் செயற்கூறுகள் பெரும்பாலும் முன்சாய்கோட்டையும் ஏற்றுக்கொள்வதால், நிரலுக்குள் அதையே எழுதிவிடலாம். பழைய கட்டளைச் சாளரம் மட்டுமே சாய்கோட்டைக் கண்டால் விருப்பக்குறி என்று மயங்கும். ஜப்பானிய விண்டோஸ் கணினிகளில் இந்தப் பின்சாய்கோட்டின் ஸ்தானத்தில் அந்நாட்டு நாணயமான யென்னின் குறி திரையில் தெரியும் என்பதையும் போகிற போக்கில் சொல்லிவைக்கிறேன். எண் அதேதான், உருவம் மட்டும் வேறு.

இனிக் குறியீட்டு இணைப்பின் லட்சணத்துக்கு வருவோம். சிம்லிங்க் என்று வழக்கில் சொல்லப்படும் இந்தப் பொருள், லினக்ஸில் ஒரு சிறு எழுத்துச் சரத்தைத் தவிர வேறொன்றையும் தன்னுள் கொண்டிருப்பதில்லை. 'எல்என் -எஸ்' என்ற கட்டளைக்கு நீங்கள் எந்தப் பாதையைக் கொடுக்கிறீர்களோ அதை எழுத்துப் பிசகாமல் அப்படியே சேமித்துக்கொள்கிறது. அந்தப் பாதையில் கோப்பு இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. நாளை இருக்குமா என்றும் கவலைப்படுவதில்லை. இணைப்பை யாராவது திறக்க முற்படும் அந்த நொடியில்தான் இயங்குதளத்தின் கருவான கர்னல் அந்த எழுத்தைப் படித்து வழி தேடுகிறது. எழுதும்போது பரிசோதனை கிடையாது, படிக்கும்போதுதான் பரிசோதனை என்ற இந்த ஏற்பாடு, யூனிக்ஸ்காரர்களுக்கு மிகுந்த சுதந்திரத்தைக் கொடுத்திருக்கிறது. புதிதாக வருகிறவர்களை மிகுந்த அலைச்சலுக்கும் உள்ளாக்கியிருக்கிறது.

இதில் எல்லாரும் ஒருமுறையேனும் தடுக்கிவிழும் இடம் சார்புப் பாதை. வேரிலிருந்து தொடங்காமல் இரு புள்ளிகளோடு தொடங்கும் பாதையை இணைப்புக்குக் கொடுத்தால், அது இணைப்பு எந்தக் கோப்புறையில் குடியிருக்கிறதோ அங்கிருந்து கணக்கிடப்படுமே தவிர, கட்டளையைத் தட்டச்சு செய்தவர் நின்ற இடத்திலிருந்து கணக்கிடப்படாது. கல்யாணப் பத்திரிகையில் 'எங்கள் வீட்டுக்கு எதிர்ச்சந்து' என்று போட்டால், அதைக் கையில் வாங்கிய வெளியூர்க்காரர் தம் வீட்டு எதிர்ச்சந்தில் போய் மண்டபத்தைத் தேடினால் எப்படியிருக்கும்? பத்திரிகையில் சொன்ன வீட்டிலிருந்துதான் அந்த வழி செல்லுபடியாகும்; இங்கே அந்த வீடு, இணைப்பு குடியிருக்கும் கோப்புறை. திட்டத்தின் தலைக் கோப்புறையில் நின்றுகொண்டு, இரண்டு படி ஆழத்தில் இணைப்பைச் சிருஷ்டிக்கும் மாணவர், இலக்கைத் தம் நிலையிலிருந்து எழுதிவிட்டு, இணைப்பு திறக்கவில்லை என்று வருந்துவார். 'ரீட்லிங்க்' என்ற கட்டளை இணைப்புக்குள் எழுதியிருப்பதை அப்படியே அச்சிட்டுக் காட்டும். 'நேம்ஐ' என்ற கட்டளை ஒவ்வொரு படியாக இறங்கிச் சென்று எந்தப் படியில் வழி மறிக்கிறது என்று சொல்லும். இரண்டாவது கட்டளையைப் பலர் அறிந்திருப்பதில்லை. அது எனக்கு ஒரு குறையாகவே படுகிறது.

விண்டோஸ் பக்கம் இந்தச் சரித்திரம் சிக்கலானது. 2000-ஆம் ஆண்டின் விண்டோஸில் ஜங்ஷன் என்ற ஓர் ஏற்பாடு வந்தது; அது கோப்புறைகளுக்கு மாத்திரமே பயன்படும், அதே கணினியின் வட்டுகளைத் தாண்டாது, முழுப் பாதையைத்தான் வைத்துக்கொள்ளும். உண்மையான குறியீட்டு இணைப்பு, விஸ்டா பதிப்பில்தான் வந்து சேர்ந்தது. யூனிக்ஸில் வந்து இருபதாண்டுகளுக்கு மேல் கழிந்தபின். வந்ததும் இரண்டு நிபந்தனைகளோடு வந்தது. முதலாவது, சிருஷ்டிக்கும்போதே இலக்கு கோப்பா கோப்புறையா என்று சொல்லிவிடவேண்டும். கோப்புக்கான இணைப்பாகச் செய்துவிட்டு அது கோப்புறையைக் காட்டுமானால், பெயர் சரியாயிருந்தும் உள்ளே நுழைய முடியாது. யூனிக்ஸ்காரருக்கு இது விபரீதமாகத் தோன்றும். இலக்கு இன்னும் பிறக்கவேயில்லை என்றால் அதன் ஜாதியை எப்படிச் சொல்வது? இரண்டாவது, சாதாரணப் பயனர் இணைப்பைச் சிருஷ்டிக்கக்கூடாது, நிர்வாகி அதிகாரம் வேண்டும் என்பது. 2017-இல் வெளிவந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து 'டெவலப்பர் மோடு' என்ற அமைப்பை இயக்கிவிட்டால் இந்த அதிகாரம் தேவையில்லை. ஆனால் இணைப்பைச் செய்யும் செயலியும் அந்தச் சலுகையைக் கேட்டு ஒரு கொடியைச் சேர்த்தனுப்பவேண்டும். கேட்கத் தெரியாத பழைய செயலிக்குச் சலுகையும் கிடையாது. ஒரே கணினியில் கட்டளைச் சாளரத்தில் இணைப்பு உண்டாகிறது, மற்றொரு செயலியில் உண்டாகவில்லை என்று குழம்புகிறவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது.

கட்டளையின் வரிசையும் தலைகீழ். யூனிக்ஸில் முதலில் இலக்கு, பிறகு இணைப்பின் பெயர். விண்டோஸின் 'எம்கேலிங்க்' கட்டளையில் முதலில் இணைப்பின் பெயர், பிறகு இலக்கு. இரண்டு உலகத்திலும் வேலை செய்கிறவர் கை பழக்கத்தால் மாற்றி எழுதுவது மிகவும் சகஜம். இலக்கு இருக்கிறதா என்று இரண்டு கட்டளைகளுமே பார்ப்பதில்லையாதலால் பிழை உடனே தெரிவதுமில்லை.

விஸ்டா முதல் எந்த விண்டோஸ் கணினியிலும் நீங்கள் இந்த இணைப்புகளைப் பிரத்தியட்சமாகக் காணலாம். கட்டளைச் சாளரத்தில் சி வட்டின் வேருக்குப் போய் 'டிர்' கட்டளையோடு 'ஏஎல்' என்ற விருப்பத்தைச் சேர்த்துப் பாருங்கள். 'டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்' என்ற பழைய கோப்புறையின் பெயர் ஜங்ஷன் என்ற அடையாளத்தோடு நிற்கும். அதன் இலக்கு பக்கத்திலேயே சதுர அடைப்புக்குள் 'யூசர்ஸ்' என்று காட்டப்பட்டிருக்கும். பழைய செயலிகள் வழக்கமான இடத்தைத் தேடி வந்து ஏமாறக்கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு அது. அதைச் சுட்டியால் திறக்கப்போனால் அனுமதி மறுக்கப்படும். அது வைரஸின் கைங்கரியம் என்று பயந்துபோனவர்கள் உண்டு. உள்ளிருப்பதைப் பட்டியலிடுவதற்கு மட்டும் வேண்டுமென்றே தடை போட்டிருக்கிறார்கள். முழுப் பாதையைத் தெரிந்து வருகிற செயலி தடையின்றிக் கடந்துபோகும்.

நான் ஆரம்பத்தில் சொன்ன கேள்வி, படிப்பவர் யார் என்பது, வலைப்பின்னலில் வரும்போது மிகத் துலக்கமாகிறது. ஒரு விண்டோஸ் சர்வரின் பகிர்வுக் கோப்புறைக்குள், சி வட்டிலுள்ள தரவுக் கோப்புறையைக் காட்டும் இரண்டு வழிகளை வைக்கிறோம். ஒன்று ஜங்ஷன், மற்றது குறியீட்டு இணைப்பு. தூரத்திலிருந்து பார்க்கும் பயனருக்காக ஜங்ஷனைப் படிப்பது சர்வர். ஆகவே சி என்பது சர்வரின் சி. குறியீட்டு இணைப்பைப் படிப்பது பயனரின் சொந்தக் கணினி; ஆகவே சி என்பது அவருடைய சி. ஒரே எழுத்து, ஒரே இடத்தில் இருந்துகொண்டு, இரண்டு வட்டுகளைக் குறிக்கிறது! இதிலுள்ள அபாயத்தை உத்தேசித்து, தொலைவிலிருந்து உள்ளூருக்குத் திரும்பும் இணைப்புகளை விண்டோஸ் இயல்பாகவே மறுத்துவிடுகிறது. 'எஃப்எஸ்யூடில்' கட்டளையால் அந்த விதியைப் பார்க்கலாம், மாற்றவும் செய்யலாம், மாற்றாமலிருப்பதே உத்தமம். நிர்வாகி அதிகாரத்தோடு திறந்த சாளரத்தில், நீங்கள் காலையில் இணைத்துக்கொண்ட இசட் என்ற வலைப்பின்னல் வட்டு தெரியாமற்போவதும் இதே வகையைச் சேர்ந்தது. மனிதர் ஒருவரே ஆனாலும் கணினியின் பார்வையில் அவர் இப்போது வேறு அமர்வில் உட்கார்ந்திருக்கிறார். அங்கே வட்டின் எழுத்தை விட்டுவிட்டு, இரட்டைப் பின்சாய்கோட்டில் தொடங்கும் சர்வரின் முழுப்பெயரை எழுதினால் காரியம் ஆகும்.

இரண்டு உலகங்களுக்கும் நடுவே பாலம் கட்டியவர்களைப் பற்றிச் சொல்லாமல் இந்த விஷயம் பூர்த்தியாகாது. 1995-இல் சிக்னஸ் நிறுவனத்தில் ஸ்டீவ் சேம்பர்லேன் தொடங்கிய சிக்வின், விண்டோஸுக்குமேல் யூனிக்ஸின் சூழலை அமைத்துக் கொடுத்தது. விண்டோஸில் குறியீட்டு இணைப்பே இல்லாத காலத்தில், ஒரு சாதாரணக் கோப்புக்கு சிஸ்டம் என்ற பண்பைச் சூட்டி, அதன் தலைப்பில் ஆச்சரியக்குறியோடு தொடங்கும் ஓர் அடையாளச் சொல்லையும், பிறகு இலக்கின் பாதையையும் எழுதிவைத்து, அதையே இணைப்பென்று பாவித்தது. சிக்வின் படித்தால் அது இணைப்பு. நோட்பேட் படித்தால் அது குப்பையெழுத்து. பின்னர் வந்த, கிட் மென்பொருளோடு விண்டோஸில் நிறுவப்படும் கிட் பாஷ் சூழலில் 'எல்என் -எஸ்' கட்டளை, தனியாக ஏற்பாடு செய்தாலொழிய, இணைப்பைச் செய்வதேயில்லை. இலக்கை முழுவதும் பிரதியெடுத்து வைத்துவிட்டு, பிழைச்செய்தி ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடுகிறது. இன்றைக்கு எல்லாம் சரியாயிருக்கும்; மூலக்கோப்பைத் திருத்திய பிறகு பிரதி பழையபடியே கிடக்கும்; திருத்தம் ஏன் பலிக்கவில்லை என்று தேடுகிறவருக்கு இணைப்பின்மேல் சந்தேகமே வராது. வாய்விட்டுப் புகார் சொல்லும் பழுதைக் காட்டிலும் இந்த மௌனமான உபகாரம் பொல்லாதது என்று நான் கருதுகிறேன். 2016-இல் வந்த டபிள்யூஎஸ்எல், லினக்ஸையே விண்டோஸுக்குள் குடிவைத்தது. அங்கே சி வட்டு, வேருக்குக் கீழே 'எம்என்டி' என்ற கோப்புறைக்குள் தோன்றும். அந்த வட்டில் லினக்ஸ் பக்கத்திலிருந்து செய்த இணைப்பு, பல சந்தர்ப்பங்களில் டபிள்யூஎஸ்எல் மட்டும் உணரக்கூடிய தனி முத்திரையோடு எழுதப்படுகிறது; விண்டோஸ் செயலிகள் அதைத் தொட்டவுடன் பின்வாங்கும். விண்டோஸ் படிக்கவேண்டிய இணைப்பை விண்டோஸ் கட்டளையாலும், லினக்ஸ் படிக்கவேண்டியதை லினக்ஸ் கட்டளையாலும் செய்வதுதான் நிம்மதி. பாதையை ஒரு வழக்கிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றித்தர 'டபிள்யூஎஸ்எல்பாத்', 'சிக்பாத்' என்ற கருவிகள் இருக்கின்றன; மனக்கணக்காக மாற்றுவதைவிட அவற்றை நம்பலாம்.

அதிகப்பிரசங்கித்தனமான பாலமும் உண்டு. கிட் பாஷில் நின்று, கொள்கலன்களை இயக்கும் டாக்கர் கட்டளைக்கு '/ஆப்' என்று கொள்கலனுக்குள்ளிருக்கும் ஒரு பாதையைக் கொடுத்தால், அந்தச் சூழல், அது விண்டோஸ் பாதையாகத்தான் வேண்டியிருக்கும் என்று தானாக ஊகித்து, கிட் நிறுவப்பட்டிருக்கும் கோப்புறையை முன்னே சேர்த்து அனுப்பிவிடும். சாய்கோட்டை இரட்டித்தால் இந்த மொழிபெயர்ப்பு நடவாது.

நடைமுறையில் அதிகம் பேரை வாட்டுவது கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளில் வரும் இணைப்பு. அதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். லினக்ஸில் ஒருவர் 'ஒளிப்படம்' என்ற இணைப்பைச் செய்து, அதற்கு '../பொது/படம்' என்ற இலக்கைக் கொடுத்து, கிட்டில் சேர்க்கிறார். கிட் அதை 120000 என்ற வகை எண்ணோடு பதிந்துகொள்கிறது. உள்ளடக்கம் அந்த இலக்கின் எழுத்து மட்டுமே. விண்டோஸில் மற்றொருவர் அந்தக் கிட் களஞ்சியத்தைப் பிரதியெடுக்கும்போது, இணைப்புச் செய்ய அதிகாரமில்லை என்று கண்ட கிட், தன் அமைப்பில் சிம்லிங்க் இல்லை என்று குறித்துக்கொண்டு, அந்த ஒருவரி எழுத்தைச் சாதாரணக் கோப்பாக எழுதிவைக்கிறது. படத்தைத் திறக்கப்போனவருக்குப் பாதையொன்று எழுதிய துண்டுச்சீட்டு கிடைக்கிறது. இதைக் கண்டதும் பலர் டெவலப்பர் மோடை இயக்கி, கணினி முழுவதற்குமான கிட் அமைப்பைத் திருத்திவிட்டு, இன்னமும் ஒன்றும் மாறவில்லையே என்று திகைப்பார்கள். பிரதியெடுத்த வேளையில் அந்தக் களஞ்சியத்தின் சொந்த அமைப்புக் கோப்பிலும் சிம்லிங்க் இல்லை என்ற குறிப்பு விழுந்திருக்கும். உள்ளே இருக்கும் குறிப்பு வெளியே இருப்பதை வெல்லும். அதைத் திருத்தி, துண்டுச்சீட்டுக் கோப்பை நீக்கி, கிட்டைக்கொண்டு மறுபடி எடுத்துவைத்தால்தான் இணைப்பு உயிர்பெறும்.

அனர்த்தம் அத்தோடு நிற்பதில்லை. விண்டோஸ்காரர் அந்தத் துண்டுச்சீட்டை ஓர் எழுத்துத்தொகுப்பானில் திறந்து சேமிக்கிறார் என்று வையுங்கள். பல தொகுப்பான்கள் கடைசியில் ஒரு புதுவரிக்குறியைச் சேர்ப்பது வழக்கம். கிட் அந்தக் கோப்பை இன்னமும் இணைப்பென்றே பாவிப்பதால், புதுவரிக்குறியும் இலக்கின் பகுதியாகிவிடுகிறது. திரும்ப லினக்ஸுக்கு வந்து சேரும்போது, 'படம்' என்ற பெயருக்குப் பின் ஒரு புதுவரியைக் கொண்ட கோப்பைக் கர்னல் தேடுகிறது. அப்படியொன்று இல்லை என்ற பதில் வருகிறது. கண்ணுக்கோ எல்லாம் சரியாகத் தெரிகிறது.

கண்ணுக்குத் தெரியாத எழுத்து என்று வந்துவிட்டதால், நம் மொழிக்கே உரிய ஒரு சிக்கலை இங்கே சொல்லவேண்டும். யூனிகோடில் 'பொ' என்பதில் வரும் ஒகரக் குறியை இரண்டு விதமாக எழுதலாம். ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியே வைத்தும் எழுதலாம். திரையில் இரண்டுக்கும் துளி வித்தியாசம் தெரியாது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் கோப்பமைப்பும் லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பமைப்பும் இயல்பான நிலையில் இவ்விரண்டையும் வெவ்வேறு பெயராகவே கொள்ளும். பழைய மாக்கின்டாஷ் கோப்பமைப்போ பெயரைப் பிரித்தே சேமிக்கும். ஆகவே மாக் கணினி ஒன்றிலிருந்து சிப் கோப்பில் வந்த 'பொது' என்ற கோப்புறையை, இங்கே நாம் தட்டச்சு செய்த 'பொது' என்ற இலக்குடைய இணைப்பு கண்டுகொள்ளாமல் போகலாம். இதைப் பிடிக்க ஒரு யுக்தி இருக்கிறது. லினக்ஸில் 'எல்எஸ் -எல்' கட்டளை, இணைப்பின் அளவாக அதனுள் இருக்கும் எழுத்தின் பைட் கணக்கைக் காட்டும். யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். '../பொது/படம்' என்பதில் புள்ளிகளும் சாய்கோடுகளும் சேர்ந்து 4, 'பொது' நான்கு குறிகள், 12, 'படம்' நான்கு குறிகள், 12, ஆகக்கூடி 28. அளவு 31 என்று காட்டினால் ஒகரம் பிரிந்து கிடக்கிறது என்று அறியலாம். 29 என்றால், முன்சொன்ன புதுவரிக்குறி வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். பைட் கணக்கு இப்படி வாக்குமூலம் கொடுக்கும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை.

நீளத்திலும் நமக்கு ஒரு நஷ்டம் உண்டு. ஒரு கோப்பின் பெயருக்கு எக்ஸ்ட்4 கொடுக்கும் இடம் 255 பைட். தமிழுக்கு அது 85 குறிகள்தான். விண்டோஸில் என்டிஎஃப்எஸ் 255 குறிகளுக்கு இடம் கொடுக்கிறது. தீர்மானத்தின் முழுத் தலைப்பையும் கோப்புக்குப் பெயராக வைக்கும் நம்மவர் சிலரின் வழக்கம் விண்டோஸில் செல்லும். லினக்ஸுக்கு அனுப்பியவுடன் பெயர் நீளம் என்று திருப்பியடிக்கப்படும். முழுப் பாதை என்று எடுத்துக்கொண்டால் அநியாயம் மறுபுறமாகத் திரும்புகிறது. விண்டோஸில் வெகுகாலம் 260 எழுத்துகளே எல்லை. 2016-இல்தான் பதிவேட்டு அமைப்பைத் திருத்தி அதை நீக்கிக்கொள்ள வழி வந்தது. லினக்ஸில் 4096 பைட் வரை செல்லும்.

பெரிய எழுத்து, சிறிய எழுத்து பேதத்தைப் பற்றி எல்லாரும் அறிந்திருப்பதால் விரிக்கவில்லை. லினக்ஸ் கர்னலின் மூலநிரலிலேயே, ஒரே பெயர் பெரிய எழுத்தில் ஒருமுறையும் சிறிய எழுத்தில் ஒருமுறையுமாக வலைப்பின்னல் வடிகட்டிப் பகுதியில் இருக்கிறது. விண்டோஸில் அதைப் பிரதியெடுத்தால் ஒன்று மற்றொன்றை விழுங்கிவிடும். அதே மூலநிரலில் 'ஆக்ஸ்' என்ற பெயருடைய கோப்பும் உண்டு. டாஸ் காலத்தில் ஒரு துணைக்கருவிக்கு ஒதுக்கப்பட்ட அந்தப் பெயர் விண்டோஸில் நெடுங்காலமாகக் கோப்புக்கு விலக்கப்பட்டது. யூனிக்ஸில் விலக்கப்பட்டவை இரண்டே இரண்டு: சாய்கோடும், பூஜ்ய எண்ணுடைய எழுத்தும்.

இன்னும் ஒன்று. ஷெல் நிரலின் முதல் வரியில் எழுதும் மொழிபெயர்ப்பியின் இடமும் ஒரு பாதைதான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். விண்டோஸ் தொகுப்பானில் எழுதிய நிரலில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் இரண்டு குறிகள் இருக்கும். லினக்ஸ் அவற்றில் ஒன்றை மட்டுமே வரிமுடிவாகக் கொள்ளும். எஞ்சிய மற்றது பாதையின் வாலில் தொங்கும். 'பாஷ்' இருக்கும் இடத்தில் பாஷ் இல்லை என்று லினக்ஸ் சொல்வதற்கு இதுவே காரணம். 'டாஸ்2யூனிக்ஸ்' என்ற சிறு கருவி அந்த வாலை அறுத்துவிடும்.

நண்பர்களே, இதுவரை சொன்ன பழுதுகள் யாவும் வேலையைத் தாமதிக்கச் செய்பவை. தரவை அழிப்பவை அல்ல. அழிக்கும் பழுது ஒன்று இருக்கிறது. அதைக் குறித்து மட்டும் உங்களிடம் ஒரு விண்ணப்பம். விண்டோஸில் ஒரு கோப்புறைக்கான இணைப்பை நீக்க எண்ணி 'டெல்' கட்டளையைப் பிரயோகித்தால், அது இணைப்பைத் தாண்டி உள்ளே போய், இலக்குக் கோப்புறையிலுள்ள கோப்புகளை நீக்கட்டுமா என்று கேட்கும்; அவசரத்தில் சம்மதம் சொல்லிவிட்டால் மூலமே போய்விடும், இணைப்பு மாத்திரம் பத்திரமாக நிற்கும். இணைப்பை மட்டும் நீக்குவதற்கு உரிய கட்டளை 'ஆர்எம்டிர்'. அதையும் 'எஸ்' என்ற விருப்பத்தைச் சேர்க்காமல் கொடுக்கவேண்டும். உங்களுடையதல்லாத ஒரு கணினியில், உங்களுக்குப் பழக்கமில்லாத ஒரு கோப்புறையை நீக்கச் சொல்லி யாரேனும் கேட்டால், 'டிர் /ஏஎல்' கட்டளையை ஒருமுறை கொடுத்து, அது கோப்புறைதானா இணைப்பா என்று பார்த்துவிட்டு, பிறகு நீக்குங்கள்.